டேட்டாபேஸ் சர்வருக்கு டிஸ்க் பிரிக்கும்போது: காலி இடம் விஜியில் இருக்கட்டும்

உபுண்டு சர்வரை எல்விஎம்மோடு (டிஸ்க் இடத்தைப் பிறகும் மாற்றிக்கொள்ளும்படி பிரித்துத் தரும் லினக்ஸ் ஏற்பாடு) இன்ஸ்டால் செய்து முடித்ததும் பலர் செய்யும் முதல் காரியம் இது. உள்ளே இருப்பது 480 ஜிபி எஸ்எஸ்டி. டிஎஃப் (டிஸ்க் இடத்தைக் காட்டும் கமாண்ட்) அடித்துப் பார்த்தால் ரூட்டுக்கு, அதாவது சிஸ்டத்தின் முதன்மை டைரக்டரிக்கு, 100 ஜிபி அளவில்தான் காட்டுகிறது. 'மீதி எங்கே போச்சு?' என்று இணையத்தில் தேடுவார்கள். எல்விஎக்ஸ்டெண்ட் கமாண்டில் 'நூறு சதவீதம் ஃப்ரீ' என்று கொடுத்து, இருந்த இடம் முழுவதையும் ரூட்டுக்குள் தள்ளிவிடுவார்கள். டிஎஃப் இப்போது பெரிய எண்ணைக் காட்டும், மனசும் ஆறும். ஆனால் அந்த இடம் தொலைந்துபோன இடமில்லை. டிஸ்க் 200 ஜிபிக்கு மேல் இருந்தால் ரூட்டுக்கு 100 ஜிபி மட்டும் கொடுத்து, மிச்சத்தை வால்யூம் குரூப் (சுருக்கமாக விஜி) என்ற பொதுக் குளத்தில் ஒதுக்காமல் விடுவதுதான் உபுண்டு இன்ஸ்டாலரின் வழக்கம். அதைப் போல நல்ல வழக்கம் வேறில்லை.

ரெட்ஹாட் வகையறா (ராக்கி, அல்மா எல்லாம் சேர்த்து) இதற்கு நேர் எதிர். தானாகப் பிரிக்கச் சொன்னால் ரூட்டுக்கு அதிகபட்சம் 70 ஜிபி கொடுத்துவிட்டு, மீதி முழுவதையும் ஹோமுக்கு (பயனர்களின் சொந்தக் கோப்புகள் இருக்கும் டைரக்டரி) எழுதி வைத்துவிடும். டேட்டாபேஸ் சர்வரில் ஹோமுக்குள் இருக்கப்போவது என்ன? ஒரு அட்மினின் நாலு ஸ்கிரிப்ட். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் டேட்டாவோ வார் டைரக்டரிக்குள், அதாவது ரூட்டுக்குள் உட்கார்ந்திருக்கும். ஒரு வருஷம் கழித்து ரூட் நிரம்பிவிடும், ஹோமில் 350 ஜிபி காற்றாடும். அதைக் குறைத்து இதில் சேர்க்கலாம் என்றால், இரண்டும் எக்ஸ்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம். எக்ஸ்எஃப்எஸ்ஸைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. ஹோமை பேக்கப் எடுத்து, அழித்து, புதிதாக உருவாக்குவதுதான் வழி.

இந்தப் பதிவில் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான். வளர்ப்பது ஒரு நிமிஷ வேலை, டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். குறைப்பது ராத்திரி வேலை, சில சமயம் முடியவே முடியாது. அதனால் ஒவ்வொரு வால்யூமுக்கும் தேவையானதை மட்டும் கொடுங்கள். மிச்சம் யாருக்கும் சொந்தமில்லாமல் விஜியில் கிடக்கட்டும்.

நம்ம பக்கத்துக்கு இது இன்னும் பொருந்தும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளிலும், வேலூர் கிளினிக்குகளிலும், ஆரணி பட்டுக் கடைகளிலும் இன்னமும் டேட்டாபேஸ் பெரும்பாலும் ஆபீஸ் மூலையில் நிற்கும் ஒரு டவர் சர்வரில்தான் ஓடுகிறது. பெங்களூரு கிளவுடில் பட்டனை அழுத்தினால் டிஸ்க் பெரிதாகும். இங்கே சரியான மாடல் எஸ்எஸ்டி வேண்டுமென்றால் பெரும்பாலும் சென்னை ரிச்சி தெருவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், அல்லது காட்பாடியில் ரயிலேறிப் போய் வாங்கி வர வேண்டும். டிஸ்க் நிரம்புவதோ மார்ச் கடைசியிலோ, 20ஆம் தேதி ஜிஎஸ்டி தாக்கலுக்கு முந்தைய ராத்திரியிலோதான். புது டிஸ்க் வந்து சேரும் வரை தாக்குப்பிடிக்க விஜியில் கிடக்கும் காலி இடமே துணை.

பெயர்களை ஒரு வரியில் சொல்லிவிடலாம். டிஸ்க்கோ பார்ட்டிஷனோ எல்விஎம்முக்கு ஒப்படைக்கப்பட்டால் அது பிவி. பல பிவிக்கள் சேர்ந்த பொதுக் குளம் விஜி. குளத்திலிருந்து வெட்டி எடுப்பது எல்வி. அந்த எல்விமேல்தான் ஃபைல் சிஸ்டம் போடுகிறோம். அளவெல்லாம் எக்ஸ்டெண்ட் கணக்கில் நடக்கும், இயல்பாக ஒரு எக்ஸ்டெண்ட் 4 எம்பி.

ஒரு மாதிரிக் கணக்கு

ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் இஆர்பி (கணக்கு, சரக்கு எல்லாம் ஓடும் மென்பொருள்) என்று வைத்துக்கொள்வோம். போஸ்ட்கிரெஸ், இன்றைய டேட்டா 60 ஜிபி, மாதம் 2 ஜிபி வளர்கிறது. சர்வரில் 480 ஜிபி எஸ்எஸ்டி இரண்டு, 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு.

முதலில் ரெய்டு, அதாவது பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து இயக்குவது. எல்விஎம் தானாக டேட்டாவைக் காப்பாற்றாது. இரண்டு டிஸ்க்கை வெறுமனே ஒரே விஜியில் சேர்த்தால் இடம் கூடும், ஆபத்தும் கூடும். ஒரு எல்வி இரண்டு டிஸ்க்கிலும் பரவியிருந்தால், ஒன்று செத்தாலே அந்த எல்வி போச்சு. ஆகவே அடியில் எம்டிஏடிஎம் கமாண்ட் மூலம் ரெய்டு 1 (ஒரே டேட்டா இரண்டு டிஸ்க்கிலும் இருக்கும்), அதன்மேல் பிவி. எஸ்எஸ்டி ஜோடி ஒன்று, ஹார்ட் டிஸ்க் ஜோடி ஒன்று. டேட்டாபேஸுக்கு ரெய்டு 5 வேண்டாம். சின்னச் சின்ன ரைட் ஒவ்வொன்றுக்கும் பழைய டேட்டாவையும் பாரிட்டியையும் (ஒரு டிஸ்க் செத்தால் மீட்பதற்கான கணக்கு) படித்துத் திருப்பி எழுத வேண்டியிருப்பதால் மூச்சு வாங்கும்.

எஸ்எஸ்டி வாங்கும்போது மின்தடைப் பாதுகாப்பு உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். உள்ளே கெபாசிட்டர் இருக்கும், கரண்ட் போன நொடியில் கேஷில் இருப்பதை எழுதி முடித்துவிடும். லேப்டாப்புக்கு விற்கும் எஸ்எஸ்டிகளில் பொதுவாக இது கிடையாது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை அறிவிக்கும் நாட்களில் யுபிஎஸ் எத்தனை மணி நேரம் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பார்ட்டிஷன் டேபிள் ஜிபிடி. பழைய எம்பிஆர் 2 டிபிக்கு மேல் பார்க்காது, 4 டிபி டிஸ்க்கில் பாதி வீணாகும். எஸ்எஸ்டியில் யுஇஎஃப்ஐ பூட்டுக்கு 1 ஜிபி, பூட் டைரக்டரிக்கு 1 ஜிபி, மிச்சம் மொத்தமும் ஒரே பார்ட்டிஷனாக ரெய்டுக்கு. இந்த இரண்டு பூட் பார்ட்டிஷன்களும் இரண்டாவது எஸ்எஸ்டியிலும் இருக்க வேண்டும். முதல் டிஸ்க் செத்த நாளில் ரெய்டு நன்றாகத்தான் இருக்கும், மெஷின் பூட் ஆகாது.

பூட் வேலை இல்லாத, பேக்கப் மட்டும் போகும் ஹார்ட் டிஸ்க்குக்கு பார்ட்டிஷன் தேவையா என்று ஒரு பழைய விவாதம் உண்டு. விர்ச்சுவல் மெஷின் என்றால் முழு டிஸ்க்கையும் பிவி ஆக்குவது சுலபம். டிஸ்க்கைப் பெரிதாக்கிவிட்டு பிவிரீசைஸ் மட்டும் கொடுத்தால் போதும். நிஜ மெஷினில் ஒரு பார்ட்டிஷன் போட்டுவிடுவதே என் விருப்பம். வேறு சிஸ்டத்தில் மாட்டிப் பார்க்கும் யாரும் 'காலி டிஸ்க்' என்று நினைத்து ஃபார்மட் செய்துவிட மாட்டார்கள்.

விஜி இரண்டு, எஸ்எஸ்டிக்கு ஒன்று, ஹார்ட் டிஸ்க்குக்கு ஒன்று. இரண்டையும் ஒரே விஜியில் போட்டால், என்றோ ஒருநாள் அவசரத்தில் டேட்டா வால்யூமை நீட்டும்போது எல்விஎம் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எக்ஸ்டெண்டை எடுத்துக்கொடுத்துவிடும். பிழை எதுவும் வராது. ஒரு டேபிளின் பாதி மட்டும் காரணம் தெரியாமல் மெதுவாகும், யாரோ குவரியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். விஜிக்குப் பெயர் வைக்கும்போது சர்வர் பெயரையும் சேர்த்து வையுங்கள். எல்லா சர்வரிலும் ஒரே பெயராக இருந்தால், செத்த மெஷினின் டிஸ்க்கை இன்னொன்றில் மாட்டும்போது ஒரே பெயரில் இரண்டு விஜி நிற்கும், பிறகு யுயுஐடியை (ஒவ்வொரு விஜிக்கும் உள்ள தனி அடையாள எண்) பிடித்து விஜிரீநேம் செய்ய வேண்டிவரும்.

480 ஜிபி என்று பெட்டியில் போட்டிருப்பது சிஸ்டம் கணக்கில் ஏறக்குறைய 447. பூட் வேலைகள் போக 445 என்று எடுத்துக்கொள்வோம். அதில் ரூட்டுக்கு 30, ஸ்வாப்புக்கு (ரேம் போதாதபோது உதவும் டிஸ்க் இடம்) 8, சிஸ்டம் லாகுக்கு 10, டேட்டாவுக்கு 120, வாலுக்கு (போஸ்ட்கிரெஸ் மாற்றங்களை முதலில் எழுதும் லாக்) 20. கூட்டினால் 188. மீதி 257 ஜிபி விஜியில் அப்படியே இருக்கும். பாதிக்கு மேல் சும்மா கிடக்கிறதே என்று முதலாளி கேட்பார். சும்மா இல்லை, யாருக்குப் போக வேண்டும் என்று இன்னும் முடிவாகவில்லை, அவ்வளவுதான்.

டேட்டாவுக்கு ஏன் 120? மாதம் 2 ஜிபி வீதம் ஒரு வருஷ வளர்ச்சி 24, ஆக 84. மிச்சம் 36 எதற்கு என்றால், வேக்யூம் ஃபுல் போன்ற வேலைகள் டேபிளின் புது நகலை எழுதி முடித்த பிறகே பழையதை விடும். மைஎஸ்கியூஎல்லில் பல ஆல்டர் டேபிள்களும் அப்படித்தான். உங்கள் மிகப்பெரிய டேபிளும் அதன் இண்டெக்ஸ்களும் சேர்ந்து எவ்வளவோ, அந்த அளவு காலி இடம் டேட்டா வால்யூமுக்குள் எப்போதும் வேண்டும். சதவீதக் கணக்கைவிட இந்தக் கணக்கு நம்பகமானது.

வால் எனப்படும் ரைட் அஹெட் லாகைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், சர்வர் சாய்வது பெரும்பாலும் இங்கேதான். வால் கோப்பு ஒவ்வொன்றும் 16 எம்பி. மேக்ஸ் வால் சைஸ் இயல்பாக 1 ஜிபி. அதை உச்சவரம்பு என்று நம்பி 2 ஜிபி வால்யூம் போடுபவர்கள் உண்டு. பெயரில் 'மேக்ஸ்' இருந்தாலும் அது தளர்வான வரம்புதான். ஆர்க்கைவ் கமாண்ட் (முடிந்த வால் கோப்பை வேறிடத்துக்கு நகலெடுப்பது) தோற்றுக்கொண்டிருந்தால், ஆர்க்கைவ் ஆகாத கோப்பை போஸ்ட்கிரெஸ் அழிக்கவே அழிக்காது. எப்போதோ உருவாக்கி மறந்துபோன ரெப்ளிகேஷன் ஸ்லாட் (நகல் சர்வருக்காக வாலைப் பிடித்து வைப்பது) இருந்தாலும் இதே கதை. பதிப்பு 13 முதல் ஸ்லாட்டுக்கு வரம்பு வைக்கத் தனி அமைப்பு இருக்கிறது, இயல்பில் அது வரம்பில்லாமல்தான் இருக்கும்.

சங்கிலி இப்படிப் போகும். ஹார்ட் டிஸ்க்கில் பேக்கப் வால்யூம் நிரம்புகிறது. ஆர்க்கைவ் அங்கேதான் போகிறது என்பதால் அதுவும் தோற்கிறது. வால் குவிகிறது. வால் வால்யூம் நிரம்பியதும் போஸ்ட்கிரெஸ் பேனிக் அடித்து நின்றுவிடுகிறது. ஆக, நிரம்பியது பேக்கப் டிஸ்க், நின்றது பில்லிங். வேலை நேரத்தில் மணிக்கு அரை ஜிபி வால் உருவாகும் இடத்தில் பத்து மணி நேர வேலைநாளுக்கு 5 ஜிபி. வெள்ளி ராத்திரி ஆர்க்கைவ் நின்று, திங்கள் மதியம்தான் ஆள் பார்ப்பார் என்றால், இடையில் வரும் சனி, திங்கள் வேலையோடு ராத்திரி ஓடும் வேலைகளையும் சேர்த்து 20 ஜிபி பாதுகாப்பான எண்.

அப்படி நின்றுவிட்டால் பிஜி வால் டைரக்டரிக்குள் போய்ப் பழைய கோப்பு என்று எதையும் கையால் அழிக்காதீர்கள். எது தேவை, எது தேவையில்லை என்று கோப்பின் தேதி சொல்லாது. ஒன்று தவறினாலும் டேட்டாபேஸ் மறுபடி எழாது. விஜியில் இடம் இருந்தால் வால் வால்யூமை 10 ஜிபி நீட்டுங்கள், சர்வீஸை ஸ்டார்ட் செய்யுங்கள், அப்புறம் நிதானமாக ஆர்க்கைவ் ஏன் தோற்றது என்று பாருங்கள். மொத்தம் ஐந்து நிமிஷம். விஜி காலியாக இல்லாதவர்களுக்கு இதே வேலை அரை நாள் பிடிக்கும்.

வாலைத் தனி வால்யூமில் வைக்க இனிட்டிபி கமாண்டிலேயே வால்டைர் என்ற தேர்வு உண்டு. ஏற்கெனவே ஓடும் சர்வர் என்றால் சர்வீஸை நிறுத்தி, டைரக்டரியை நகர்த்தி, சிம்பாலிக் லிங்க் போட வேண்டும்.

மைஎஸ்கியூஎல்லில் இதே இடத்தில் பின்லாக் (டேட்டா மாற்றங்களின் பதிவு) இருக்கிறது. 8.0 பதிப்பில் அது இயல்பாகவே ஆன், 30 நாள் வரை வைத்திருக்கும். அதற்கும் தனி வால்யூம் கொடுத்து, நாட்களை ஏழாகக் குறைத்தால் சிறு நிறுவனத்துக்குப் போதும், தினசரி பேக்கப் உண்மையிலேயே ஓடுகிறது என்றால் மட்டும். டிஸ்க் நிரம்பினால் மைஎஸ்கியூஎல் நின்றுவிடாது, இடம் கிடைத்ததா என்று நிமிஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு காத்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஹேங் ஆனது போலத் தெரியும். ரீஸ்டார்ட் செய்ய ஓடாமல் முதலில் டிஎஃப் பாருங்கள்.

டெம்ப் கோப்புகளுக்குத் தனி எல்வி போடுவோர் உண்டு. நான் அதை அவசியமாக நினைக்கவில்லை. டெம்ப் ஃபைல் லிமிட் இயல்பாக வரம்பற்றது, அதை 10 ஜிபி என்று வைத்தாலே ஜாயின் தவறிய ரிப்போர்ட் தானாகச் செத்துவிடும். அந்த வரம்பு ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஃபைல் சிஸ்டமும் மவுண்டும்

எக்ஸ்எஃப்எஸ், இஎக்ஸ்டி4 இரண்டும் டேட்டாபேஸுக்குச் சரி. அளவில் உறுதி இல்லாதவர்கள் இஎக்ஸ்டி4 எடுப்பது மேல். மவுண்டை (ஃபைல் சிஸ்டத்தை ஒரு டைரக்டரியில் இணைத்திருப்பது) இறக்கிவிட்டு அதைச் சிறிதாக்க முடியும், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆனால் இஎக்ஸ்டி4 ரூட் பயனருக்கென்று (முழு உரிமையுள்ள அட்மின் கணக்கு) 5 சதவீதம் ஒதுக்கி வைக்கும். ரூட் ஃபைல் சிஸ்டத்துக்கு அது நல்லது. 1.5 டிபி பேக்கப் வால்யூமில் அது 75 ஜிபிக்கு மேல், சும்மா பூட்டிக்கிடக்கும். டியூன்2எஃப்எஸ் கமாண்டில் எம் தேர்வுக்கு 0 அல்லது 1 கொடுத்து விடுவிக்கலாம். எக்ஸ்எஃப்எஸ் எடுத்தால் மிகச் சிறிதாகத் தொடங்கி நூறு மடங்கு நீட்டாதீர்கள். தொடக்க அளவை வைத்துத்தான் உள்ளே அலொகேஷன் குரூப்பின் அளவு முடிவாகிறது, பிறகு வளர வளர அதே சின்ன அளவில் எண்ணிக்கை மட்டும் பெருகும்.

மவுண்ட் பாயிண்டையே டேட்டா டைரக்டரி ஆக்க வேண்டாம், உள்ளே ஒரு துணை டைரக்டரி போட்டு அதைக் கொடுங்கள். இஎக்ஸ்டி4இல் லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட் டைரக்டரி இருப்பதால் இனிட்டிபி 'காலியாக இல்லை' என்று மறுக்கும், மைஎஸ்கியூஎல்லோ சில பதிப்புகளில் அதையே ஒரு டேட்டாபேஸாகக் காட்டும். இதைவிட முக்கியமான காரணம், மவுண்ட் ஆகாத நாளில் துணை டைரக்டரி அங்கே இருக்காது, சர்வீஸ் பிழை சொல்லி நிற்கும். இல்லாவிட்டால் ரூட்டில் இருக்கும் வெற்று டைரக்டரியை டேட்டாபேஸ் என்று எண்ணி யாராவது புதிதாக ஒன்றை உருவாக்கிவிடுவார்கள். சிஸ்டம்டி சர்வீஸ் கோப்பில் ரிகொயர்ஸ் மவுண்ட்ஸ் ஃபார் என்ற வரியில் டேட்டா, வால் பாதைகள் இரண்டையும் எழுதிவிடுங்கள்.

பேக்கப் வால்யூமுக்கு எஃப்எஸ்டேப்பில் (பூட் ஆகும்போது எதை எங்கே மவுண்ட் செய்வது என்ற பட்டியல்) நோஃபெயில் போடலாம், கரண்ட் போய் வந்த பிறகு ஹார்ட் டிஸ்க் ஜோடி எழாவிட்டாலும் சர்வர் பூட் ஆகும். ஆனால் அதில் ஒரு குழி இருக்கிறது. பேக்கப் ஸ்கிரிப்ட் பெரும்பாலும் ரூட் உரிமையில் ஓடும். பேக்கப் டிஸ்க் மவுண்ட் ஆகவில்லை என்பது அதற்குத் தெரியாது, அதே பாதையில் ரூட் ஃபைல் சிஸ்டத்தின்மேல் எழுதத் தொடங்கும். 30 ஜிபி ரூட் ஒரே ராத்திரியில் நிரம்பும். இரண்டு தடுப்புகள் போடுங்கள். மவுண்ட் செய்வதற்கு முன் அந்தக் காலி டைரக்டரிக்கு சிஎச்ஏட்டர் கமாண்டில் பிளஸ் ஐ கொடுத்தால் மவுண்ட் இல்லாதபோது ரூட்டால்கூட அதில் எழுத முடியாது. ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயிண்ட் கமாண்டால் சோதித்து, இல்லையென்றால் வெளியேறச் சொல்லுங்கள்.

நீட்டுவது

எல்விஎக்ஸ்டெண்டில் சிறிய ஆர் தேர்வைச் சேர்த்தால் எல்வியோடு ஃபைல் சிஸ்டமும் சேர்ந்து வளரும். அதை மறந்தால் எல்விஎஸ் புது அளவைக் காட்டும், டிஎஃப் பழையதையே காட்டும். பதற வேண்டாம், எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ், இஎக்ஸ்டி4க்கு ரீசைஸ்2எஃப்எஸ் கொடுத்தால் சரியாகும். கவனிக்க வேண்டியது கூட்டல் குறி. '+20ஜி' என்றால் இன்னும் 20 சேர். வெறும் '20ஜி' என்றால் மொத்த அளவே 20. எல்விஎக்ஸ்டெண்ட் இதை ஏற்க மறுக்கும். எல்விரீசைஸ் பழைய பதிப்புகளில் எச்சரித்துவிட்டு ஒய் ஆர் என் என்று கேட்கும், தூக்கக் கலக்கத்தில் ஒய் அடித்தால் 120 ஜிபி ஃபைல் சிஸ்டத்தின் பின்பகுதி அறுந்துவிடும். நீட்டுவதற்கு எப்போதும் எல்விஎக்ஸ்டெண்டையே பயன்படுத்துங்கள்.

புது ஜோடி டிஸ்க் சேர்க்கும்போது அதன் லாஜிக்கல் செக்டார் அளவைப் பாருங்கள். 512 பைட் டிஸ்க்மேல் போட்ட எக்ஸ்எஃப்எஸ்ஸை 4096 பைட் டிஸ்க்குக்கு நீட்டினால் மறுபடி மவுண்ட் ஆகாமல் போகலாம். புதிய எல்விஎம் பதிப்புகள் இப்படிக் கலப்பதை இயல்பிலேயே தடுக்கும். அந்தத் தடையை நீக்கும் அமைப்பைத் தேடிப் போகாதீர்கள், சரியான டிஸ்க்கை வாங்குங்கள்.

பழைய எஸ்எஸ்டி ஜோடியை விலக்கிப் பெரியது போட வேண்டுமென்றால் பிவிமூவ். புது ரெய்டைப் பிவியாக்கி விஜியில் சேர்த்து, பழையதிலிருந்து புதியதுக்கு எக்ஸ்டெண்ட்களை நகர்த்தும். டேட்டாபேஸ் ஓடிக்கொண்டே இருக்கலாம், வேகம் மட்டும் குறையும். நடுவில் மெஷின் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முடிந்ததும் விஜிரெட்யூஸ், பிவிரிமூவ். பூட் பார்ட்டிஷன்கள் எல்விஎம்முக்கு வெளியே இருப்பதால் அவற்றைத் தனியாக நகர்த்த வேண்டும்.

ஸ்னாப்ஷாட்டும் (எல்வி அந்த நொடியில் இருந்த நிலையைப் பிடித்து வைப்பது) விஜியின் காலி இடத்தில்தான் வாழ்கிறது. அதைப் பேக்கப் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது அதே டிஸ்க்கில் இருக்கிறது. அதன் நல்ல பயன் அப்கிரேடுக்கு முன்னால். போஸ்ட்கிரெஸை ஒழுங்காக நிறுத்தி, டேட்டா, வால் இரண்டு எல்விகளுக்கும் தலா ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து, அப்கிரேட் செய்து பாருங்கள். சொதப்பினால் எல்விகன்வர்ட் மெர்ஜ் மூலம் இரண்டையும் திருப்புங்கள், ஒன்றை மட்டும் திருப்பினால் டேட்டாவும் வாலும் பொருந்தாது. ஓடும் டேட்டாபேஸில் எடுக்கும்போதும் இதே சிக்கல்: இரண்டு எல்விகளின் ஸ்னாப்ஷாட் ஒரே நொடியில் விழாது. அதனால் பிஜி பேக்கப் ஸ்டார்ட், ஸ்டாப் இரண்டுக்கும் நடுவில்தான் எடுக்க வேண்டும். 14 வரையான பதிப்புகளில் அவற்றின் பெயர் பிஜி ஸ்டார்ட் பேக்கப், பிஜி ஸ்டாப் பேக்கப். ஸ்னாப்ஷாட்டுக்குக் கொடுத்த இடம் நிரம்பினால் அது செல்லாததாகிவிடும், அசலுக்கு ஒன்றும் ஆகாது. எக்ஸ்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை மவுண்ட் செய்ய நோயுயுஐடி தேர்வு வேண்டும். வேலை முடிந்ததும் நீக்கிவிடுங்கள், அது இருக்கும் வரை ரைட் வேகம் அடிவாங்கும்.

தின் பூல் பற்றிக் கேட்பவர்களுக்கு: டேட்டாபேஸுக்கு வேண்டாம். இல்லாத இடத்தை இருப்பதாகக் காட்டும் ஏற்பாடு அது. பூல் நிரம்பினால் இயல்பாக 60 நொடி காத்திருந்துவிட்டு ரைட்டுக்குப் பிழை கொடுக்கும். டிஎஃப் அப்போதும் காலி இடம் காட்டிக்கொண்டிருக்கும்.

டிஎஃப் நிறைவு காட்டி, டியூ (கோப்புகளின் அளவைக் கூட்டிக் காட்டும் கமாண்ட்) கணக்கு பாதிதான் வருகிறது என்றால், நீட்டுவதற்கு முன் எல்எஸ்ஓஎஃப் கமாண்டில் பிளஸ் எல்1 கொடுத்துப் பாருங்கள். அழிக்கப்பட்ட லாக் கோப்பை ஏதோ ஒரு பிராசஸ் இன்னும் திறந்து வைத்திருக்கும், அதை ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

கடைசியாக எல்விஎம்மின் சொந்தக் குறிப்பேடு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் விஜி வரைபடத்தை அது ஈடிசி டைரக்டரியில் எல்விஎம்முக்குள் பேக்கப், ஆர்க்கைவ் என்ற இரண்டு இடங்களில் எழுதி வைக்கிறது. ஈடிசி இருப்பதோ அதே விஜியின் ரூட்டில். விஜி மெட்டாடேட்டா கெட்டால் குறிப்பேட்டையும் படிக்க முடியாது. அதனால் ஒவ்வொரு முறை நீட்டிய பிறகும் அந்த டைரக்டரியை வேறொரு மெஷினுக்கு நகலெடுங்கள், எல்எஸ்பிஎல்கே, பிவிஎஸ், விஜிஎஸ், எல்விஎஸ் நான்கின் வெளியீட்டையும் சேர்த்து. பிவியின் தலைப்பு அழிந்துவிட்டாலும் அந்தக் கோப்பு கையில் இருந்தால், பிவிகிரியேட்டுக்குப் பழைய யுயுஐடியையும் ரீஸ்டோர் ஃபைலையும் கொடுத்து, பிறகு விஜிசிஎஃப்ஜி ரீஸ்டோர் ஓட்டினால் எல்விகள் பழைய எல்லைகளோடு திரும்பி வரும். மவுண்ட் செய்வதற்கு முன் ஃபைல் சிஸ்டத்தை எழுதாமல் சோதிக்கும் முறையில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்: எக்ஸ்எஃப்எஸ் ரிப்பேருக்கும் இ2எஃப்எஸ்சிகேவுக்கும் சிறிய என் தேர்வு.